சலேத்து மேல் படிந்த வசவுகள்

நாத்தம்னா என்னன்னு தெரிஞ்சுக்க யாருக்காவது ஆசை இருந்தா, மழைக்கு முன்னாடி ஒரு மத்தியானம் எங்க நத்தைமேட்டுக்கு வந்து பாருங்க. கடல்ல இருந்து அள்ளிட்டு வர்ற சிப்பிய நாங்க உடனே கழுவ மாட்டோம். மண்ணுல குழி வெட்டி, அதுல குவிச்சுப் போட்டு, பனையோலையால மூடி, உள்ள இருக்கிற சதை தானா அழுகி, புழு வச்சு, கூழாகி, ஓடு மட்டும் மிஞ்சுற வரைக்கும் அப்படியே விட்டுருவோம். அப்புறம் யாராவது ஒருத்தர் அந்தக் குழியில இறங்கணும், தொடையளவு கூழுல நிக்கணும், ஓட்டை ஒண்ணொண்ணா எடுத்து அலசிக் கரையில போடணும். அந்த வேலைய எங்க ஊர்ல ரெண்டே பேருதான் செஞ்சோம். ஒண்ணு சலேத்து, இன்னொண்ணு நான், அமலோற்பவம். ஊர்ல அமலின்னு கூப்பிடுவாக. எத்தன சோப்புப் போட்டுக் குளிச்சாலும் சோத்துல கைய வச்சா அந்த வாடைதான் முதல்ல வாய்க்குள்ள போகும், அப்புறந்தான் சோறு போகும். ஆனா அதவிட நாறுனது ஒண்ணு எங்க ஊர்ல மூணு வருசம் நடந்துச்சு. அதை யார்கிட்டயாவது சொல்லலன்னா எனக்குக் குமட்டல் நிக்காது, அதான் சொல்றேன்.

சலேத்து புருஷன் சந்தியாகு ஒருநாள் காலையில அவகூடச் சண்டை போட்டுட்டுக் கடலுக்குப் போனவன், திரும்பி வரல. படகு வந்துச்சு, வலை வந்துச்சு, அவன் வரல. நாப்பதாம் நாள் பூசை முடிஞ்சு எல்லாரும் காப்பி குடிச்சுட்டு இருக்கையில, ஊர்த்தலைவர் கஸ்பார் மாமா பொண்டாட்டி திரேசம்மா, டம்ளரைக் கீழ வச்சுட்டு, வாய் கூசாம, "புருஷனை முழுங்கிட்டு எப்படி உக்காந்திருக்கா பாரு, செத்த மூதி"ன்னா. மறுநாள் குழிக்கரையில குளிக்கும்போது சலேத்தோட இடது தோள்ல நகத்தளவு ஒண்ணு மினுங்குச்சு. வழவழன்னு, சிப்பியோட உள்பக்கம் எப்படி இருக்குமோ அப்படி. தேங்காநாரை வச்சுத் தேச்சேன், போகல. "தேமலா இருக்கும்க்கா"ன்னேன். அவளும் "இருக்கும்"னா.

அடுத்த வாரம் ஏலக்கூடத்துல ஒருத்தன் "வர்றா பாரு நாத்தம் பிடிச்சவ"ன்னான், அது முழங்கையில படிஞ்சுச்சு. தண்ணிக்குழாயில ஒருத்தி "நீ தொட்ட குடத்துல நான் பிடிக்கணுமா"ன்னா, அது கழுத்துல. வசவு எந்தப் பக்கம் இருந்து வந்துச்சோ அந்தப் பக்கம் படிஞ்சுச்சு. ஒண்ணு மேல ஒண்ணு, ஒண்ணு மேல ஒண்ணு, காகிதத்தை அடுக்குன மாதிரி. ஊர்ல இதைப் பாத்து யாரும் வாயப் பொளக்கல. கருவாடு காயப்போட்டிருக்கோமே மழை வருமா வராதான்னு வானத்தைப் பாக்கிற ஊரு அது, அடுத்தவ தோள்ல என்ன மினுங்குனா அவுகளுக்கென்ன.

மினுங்குறது எதுக்காவது உதவும்னு தெரிஞ்சப்பத்தான் பாத்தாக. ஒருநாள் குழாயடிச் சண்டையில திரேசம்மா எவர்சில்வர் குடத்தைத் தூக்கி சலேத்து முதுகுல ஓங்கி அடிச்சா. குடம் நசுங்கிப் போச்சு. சலேத்து திரும்பிக்கூடப் பாக்காம நடந்து போயிட்டா. அன்னைக்குச் சாயங்காலமே கஸ்பார் மாமா வந்தாரு, சலேத்து முதுகைக் கதவத் தட்டுற மாதிரி விரலால தட்டிப் பாத்தாரு, யோசிச்சாரு, தொபியாஸ் அண்ணனைக் கூட்டியாரச் சொன்னாரு.

தொபியாஸ் எங்க ஊரு சிப்பி வேலைக்காரர். எந்த ஓட்டைக் கையில குடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இங்க உளிய வச்சா இப்படிப் பிளக்கும்னு சொல்லிருவாரு, சொன்னபடியே பிளக்கும். அவரு சலேத்தை நிக்க வச்சு, சுத்தி வந்து, தோள்பட்டைக்குக் கீழ மெல்லிய உளியக் குடுத்து, கொட்டாப்புளியால நோகாம ஒரு தட்டுத் தட்டுனாரு. அரிசி புடைக்கிற சொளவு அகலத்துக்கு ஒரு தகடு கழண்டு கையில வந்துச்சு. ரத்தம் இல்ல, ஒண்ணும் இல்ல.

"வலிக்குதாம்மா?"

"நகம் வெட்டுற மாதிரி இருக்கு"ன்னா சலேத்து.

அந்த வார்த்தையோட அவ கதை முடிஞ்சுது. ஏன்னா அதுக்கு முந்துன மாசம் அடிச்ச புயல்ல ஊர்ல இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையெல்லாம் அப்பளமா நொறுங்கிக் கிடந்துச்சு. பிள்ளை குட்டியோட எல்லாரும் தார்ப்பாய்க்குக் கீழ கிடந்தாக. அந்தத் தகட்டை வெயிலுக்குப் பிடிச்சுப் பாத்த கஸ்பார் மாமா கண்ணுல, சத்தியமாச் சொல்றேன், சலேத்து தெரியல, கூரைதான் தெரிஞ்சுச்சு.

ஊர்க்கூட்டம் போட்டாக. வீட்டுக்கு ஒருத்தர் தினமும் காலையில வந்து சலேத்தை ஒரு வசவு வையணும், சேர்ந்ததும் தொபியாஸ் உரிச்சுக் குடுப்பாரு, முறை வச்சு வீட்டுக்கு வீடு கூரை போடலாம்னு முடிவாச்சு. சலேத்துகிட்டயும் கேட்டாக, கேக்காம இல்ல. அவ சரின்னுட்டா. எனக்கு வந்த கோவத்துக்கு அவளைக் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி, "உனக்கென்ன கிறுக்கா யக்கா?"ன்னேன்.

"ஏட்டி, இப்ப மட்டும் வையாமலா இருக்காக? கண்ட நேரத்துல, கண்ட இடத்துல வையிறாக. இதுன்னா காலையில ஏழுல இருந்து எட்டு. மிச்ச நேரம் என்னைச் சும்மா விடுவாக."

அவ சொன்னது நடந்துச்சு.  எட்டு மணிக்கு மேல அவளை ஊரே மரியாதையா நடத்துச்சு. குழாயடியில வழி விட்டாக. ஒத்த வசவையும் வீணாக்கக்கூடாதுல்ல.

ஆனா இப்படி வரிசையா வஞ்சு முதல்ல உரிச்ச பாளமெல்லாம் உதவல. கூரையில ஏத்தி ஆணி அடிச்சாக, ஒரே அடியில படார்னு தெறிச்சு மண்ணாப் போச்சு. ஒரு தென்னமட்டை விழுந்து ரெண்டு வீட்டுக் கூரை தூள். ஆனா அந்த முதல் நாள் கழட்டுனாரே, சொளவு அகலத் தகடு, அது மேல மாட்டை ஏத்துனாலும் அசையல. தொபியாஸ் அண்ணன் ரெண்டையும் ஒடிச்ச விளிம்புல கண்ணை வச்சு நாள் முழுக்கப் பாத்தாரு. அப்புறம் எங்களைக் கூப்பிட்டு வச்சு, கோயில் முற்றத்துல ரெண்டு கோழிக்கால் எலும்பை எடுத்துக் காட்டுனாரு. ஒண்ணை ஒரு வாரம் புளிச்ச காடியில ஊறப் போட்டிருந்தாரு, அது ரப்பராட்டம் வளைஞ்சுச்சு, முடிச்சே போடலாம். இன்னொண்ணை அடுப்புல வெள்ளையா ஆகுற வரைக்கும் சுட்டிருந்தாரு, அது விரலால நசுக்குனதும் மாவாப் போச்சு.

"எலும்புல ரெண்டு இருக்கு. சுண்ணாம்பு மாதிரி கெட்டியா ஒண்ணு, பசை மாதிரி மெத்துன்னு ஒண்ணு. காடியில போட்டதுல கெட்டி கரைஞ்சிருச்சு. நெருப்புல போட்டதுல பசை எரிஞ்சிருச்சு. ரெண்டும் மாத்தி மாத்தி அடுக்கடுக்கா இருந்தாத்தான் எலும்பு. சிப்பியும் அப்படித்தான். கெட்டித் தகடு, நடுவுல இத்துணூண்டு பசை, மறுபடி தகடு, மறுபடி பசை. அடி விழுந்தா விரிசல் தகட்டுல ஓடும், பசைக்கு வந்ததும் சிக்கிக்கிடும், திரும்பும், அடுத்த தகட்டைத் தேடும், மறுபடி சிக்கும், கடைசியில ஓடி ஓடி ஓஞ்சு போகும். வெறும் கெட்டியா இருந்தா ஒரே ஓட்டத்துல இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போயிரும். இவ மேல இப்ப படியிறது வெறும் வசவு. நடுவுல ஒண்ணும் இல்ல."

"அப்ப முதல் தகட்டுல பசை எங்கருந்து வந்துச்சு?"ன்னாரு கஸ்பார் மாமா.

சலேத்து வாயத் தொறந்தா. "அப்பல்லாம் யாராவது வஞ்சா அன்னைக்கே குழியில அமலி ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுவா. இப்ப காலையில ஒரேயடியா ஐம்பது பேரு வையிறாக, அவ எதுக்குன்னு சொல்லுவா."

ஊரே திரும்பி என்னைப் பாத்துச்சு. அதுவரைக்கும் என் முகத்தை நேராப் பாக்காதவுக, மூக்கப் பொத்திக்கிட்டு ஒதுங்கிப் போனவுக, ஏதோ சொந்தக்காரி வந்த மாதிரி பாத்தாக. அன்னையில இருந்து எனக்குக் குழி வேலை இல்ல. சலேத்து பக்கத்துல ஒரு முக்காலி போட்டு என்னை உக்கார வச்சாக. ஒரு வசவு, உடனே நான் ஒரு நல்ல வார்த்தை. அடுத்த வசவு, அடுத்த நல்ல வார்த்தை. எல்லா வீட்டுக்கும் போட்டு முடிச்சுட்டுக் கடைசிக் கூரை எனக்குன்னு வாக்குக் குடுத்தாக. நான் சரின்னேன். சீ! என் மூஞ்சியில நானே துப்பிக்கிடலாம்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்க. காலையில ஏழு மணிக்கு வேப்பமரத்தடியில வரிசை நிக்கும், குளிச்சு, பவுடர் போட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு வந்து நிக்கும். முதல் மாசத்துலயே தெரிஞ்ச வசவெல்லாம் தீந்துபோச்சு. பழசையே திருப்பிச் சொன்னா படியாதுன்னு தொபியாஸ் சொல்லிட்டாரு. அதனால ராத்திரிச் சோத்துக்கு உக்காரும்போது வீட்டுக்கு வீடு புருஷனும் பொண்டாட்டியும் கூடிப் பேசி, புதுசா ஒண்ணைத் தயார் பண்ணுவாக. எழுதத் தெரிஞ்சவுக துண்டுச்சீட்டுல எழுதிக்கிட்டு வந்து வாசிச்சாக. விருந்துக்கு வந்த மருமகனை, "மாப்பிள்ளை, வெளியூர்க்காரரு, உங்களுக்குப் புதுசாத் தெரியும்"னு கூட்டிட்டு வந்தாக. நல்லா வையிறவுகளுக்கு ஊர்ல ஒரு மதிப்பு வந்துச்சு. திரேசம்மா வந்தா வரிசையே வழிவிடும். அவ ஒரு தடவை வஞ்சா தகடு கண்ணாடியாட்டம் படியும்னு பேரு. கோயில் திருநாள்ல அவளுக்குச் சால்வை போட்டாக, நான் கண்ணால பாத்தேன்.

சில பேருக்கு மனசு கேக்கல. வைய முன்னாடி, "சலேத்து, மனசுல வச்சுக்கிடாத தாயி, கூரைக்காகத்தான்"னு கெஞ்சிட்டு வஞ்சாக. அந்த வாரம் உரிச்ச பாளம் ஈரத்துணியாட்டம் தொங்குச்சு. பசை கூடிப்போச்சுன்னு தொபியாஸ் கத்துனாரு. அதுக்கப்புறம் மன்னிப்புக் கேக்கக்கூடாதுன்னு ஊர்க்கட்டுப்பாடு வந்துச்சு. வையணும், போகணும். மெதுவான பேச்சுக்கு அமலி இருக்கா.

என் வார்த்தையெல்லாம் பெரிய வார்த்தை இல்ல. "சாப்பிட்டியாக்கா?" "வெயிலு கண்ணுல அடிக்குதா, தள்ளி உக்காரு." "நேத்து நீ வச்ச புளிக்குழம்பு நல்லா இருந்துச்சு." "உன் முடி இன்னும் கருப்பாத்தான் இருக்கு." ஒப்புக்குச் சொன்னது ஒண்ணுகூட இல்ல, மாதா மேல ஆணை. ஒப்புக்குச் சொன்னா பசை ஊறாது, அதையும் அவுக சோதிச்சுப் பாத்துட்டாக, வேற ரெண்டு பொம்பளைகளை உக்கார வச்சு. அதனால நான் தினமும் மனசுக்குள்ள கைய விட்டு, அவ மேல எனக்கு இருந்த பிரியத்தைத் தோண்டித் தோண்டி எடுத்து வெளிய வச்சேன். அதை அவுக அளவா அரைச்சுக் கூரைக்குப் பூசுனாக. ரெண்டு வருசத்துல நத்தைமேடு கடல்ல இருந்து பாத்தா அப்படி ஜொலிச்சுது. வெளியூர்க்காரங்க வந்து போட்டோ பிடிச்சுட்டுப் போனாக. இவ்வளவு அழகான ஊரை நாங்க பாத்ததே இல்லன்னாக. 

மூணாம் வருசம் மழைக்கு முன்னாடி ஒரு மத்தியானம், சலேத்தைக் குழிக்கரை நிழலுக்குக் கூட்டிட்டுப் போனேன். அவளால அப்ப உக்கார முடியாது. முழங்கால் மடங்காது. மேல இருக்கிறதைத்தான் தொபியாஸ் உரிப்பாரு, அடியில முதல் வருசம் படிஞ்சதெல்லாம் தோலோட தோலா ஒட்டி உள்ள இருந்துச்சு. கண்ணு, மூக்கு, வாய், உள்ளங்கை, இவ்வளவுதான் வெளிய, சேலை கட்டுறதையே விட்டுட்டா. மரத்துல சாய்ஞ்சு நின்னா.

"யக்கா, கையில ஈ."

"எங்க?"

"முழங்கையில. ரெண்டு மூணு இருக்கு."

அவ குனிஞ்சு பாக்க முயற்சி பண்ணா, கழுத்து திரும்பல. "எனக்குத் தெரியலட்டி"ன்னா.  நான் ஈயை ஓட்டுனேன், அது மறுபடி வந்து உக்காந்துச்சு.

"போன மழையில வாசல்ல நின்னேன் அமலி. ஒரு மணி நேரம் நின்னேன். சத்தந்தான் கேட்டுச்சு. மேல விழுறது தெரியல. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஒரு மழை என் தோல்ல படணும். கொசு கடிச்சாலும் சரி, எறும்பு கடிச்சாலும் சரி, கடிக்குதுன்னு எனக்குத் தெரியணும்."

"நான் என்ன பண்ணணும் சொல்லு."

"நாளையில இருந்து எனக்கு நல்ல வார்த்தை சொல்லாத. உதட்டை மட்டும் அசை. பசை இல்லாமப் போனா இது சுட்ட எலும்பு மாதிரி ஆயிரும். ஒரு தட்டுல எல்லாம் தெறிச்சிரும்."

இன்னும் ஒரு வீட்டுக்குத்தான் கூரை பாக்கி இருந்துச்சு. அது என் வீடு. ஓலைக்கூரை, மூணு இடத்துல ஓட்டை, எங்கம்மா படுத்த படுக்கையா உள்ள கிடக்கு. சலேத்துக்கும் அது தெரியும். "உன் கூரை"ன்னு இழுத்தா. "கூரை கிடக்கு சவம், விடு"ன்னேன். அதைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு நேரம் யோசிச்சேன், அதையும் சொல்லிர்றேன்.

மறுநாள் வசவு விழுந்துச்சு, நான் உதட்டை மட்டும் அசைச்சேன். அடுத்தது விழுந்துச்சு, அசைச்சேன். ஒரு வாரம், பத்து நாள், ஒரு சத்தம் வெளிய வரல. யாரும் கண்டுபிடிக்கல. பதினோராம் நாள் தொபியாஸ் உளிய வச்சுத் தட்டுனாரு. நானும் சலேத்தும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். உளி முனை மழுங்கிப் போச்சு. ரெண்டாவது உளி வளைஞ்சுச்சு. மூணாவது உளியில ஒரு தகடு வந்துச்சு, அதைக் கருங்கல்லுல போட்டு அடிச்சாக, கல்லு பிளந்துச்சு.

"இவ்வளவு உறுதியா இதுவரைக்கும் வந்ததே இல்ல! அமலி, என்ன சொன்ன நீ? எப்படிச் சொன்ன?"ன்னு தொபியாஸ் குதிக்கிறாரு.

எனக்கு அப்பத்தான் உறைச்சுச்சு. நான் சும்மா இருந்ததே அவளுக்காக. தன் கூரைய விட்டுட்டு எனக்காக இவ வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்காளேன்னு அவ ஒவ்வொரு தடவையும் நினைச்சிருக்கா. அதுதான் பசையா ஊறியிருக்கு. நான் சொன்ன எந்த வார்த்தையவிடவும் நல்ல பசை. நான் அவளுக்காக எதைச் செஞ்சாலும், அது அவளுக்காகன்னு அவளுக்குத் தெரிஞ்சா, அது அவளை இன்னும் இறுக்கத்தான் போகுது.

அன்னைக்குப் பூரா அம்மாவைத் துடைச்சு விட்டேன், பானை கழுவுனேன், திரும்பத் திரும்ப அதையே யோசிச்சேன். அவளை உடைக்கணும்னா ஒரே வழிதான் இருந்துச்சு. அதை அவகிட்டச் சொல்லிட்டுச் செய்ய முடியாது. பொய்யா நடிச்சும் செய்ய முடியாது, அவ என் கண்ணைப் பாத்தே கண்டுபிடிச்சிருவா. அதனால அவளைப் பத்தி என் மனசுல உண்மையா ஏதாவது அசிங்கம் கிடக்கான்னு தேடுனேன். இருக்காதுன்னு நினைச்சேன். இருந்துச்சு. குழியில ஓலையத் தூக்குனதும் குப்புன்னு ஒரு வாடை வருமே, அப்படி வந்துச்சு.

காலையில நான் முக்காலியில உக்காரல. வரிசையில போயி நின்னேன். எனக்கு முன்னாடி திரேசம்மா. அவ வஞ்சுட்டு நகந்ததும், வெறும் முக்காலியப் பாத்து சலேத்து கண்ணால என்னைத் தேடுனா. நான் நேரா அவ முன்னாடி போயி நின்னேன். சின்ன வயசுல இருந்து அவளை நான் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல.

"ஏட்டி சலேத்து"ன்னேன்.

அவ கண்ணு அப்பவே ஒரு மாதிரி ஆச்சு.

"ஊரெல்லாம் நீ புருஷனை முழுங்குனவன்னு சொல்றப்ப நான் ஒருத்திதான் இல்லன்னு சொன்னேன். ஆனா அவன் போன மறுநாள் நீ என்கிட்ட என்ன சொன்ன? 'அமலி, நேத்து ராத்திரிதான் பயமில்லாமத் தூங்குனேன், அவன் வராமலே போகட்டும்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன்'னு சொன்னியா இல்லையா? சொல்லு இவுக முன்னாடி."

நகந்துபோன திரேசம்மா திரும்பி நின்னா. 

"அமலி"ன்னா சலேத்து. அவ்வளவுதான்.

"என்ன அமலி? உன் பக்கத்துல உக்காந்து உக்காந்துதான் என்னையும் ஒரு பயலும் கட்டிக்க வரல. உன் நாத்தம் என் மேலயும் ஏறிக்கிச்சு. நீ அன்னைக்கே அவன்கூடக் கடல்ல போயித் தொலைஞ்சிருந்தா எனக்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்கும். உனக்கு ஆறுதல் சொல்லிச் சொல்லி எனக்கு உன் மூஞ்சியப் பாத்தாலே குமட்டுது. த்தூ!"

துப்புனேன். அவ கால்ல விழுந்துச்சு. அவளால அதைத் துடைக்கக் குனிய முடியாது.

இப்ப ஒரு வேடிக்கை கேளுங்க. மூணு வருசமா தினமும் காலையில குளிச்சுட்டு வந்து அவளை வஞ்ச ஊரு, "அய்யய்ய, என்னட்டி இது, கூடவே இருந்துட்டு இப்படிப் பேசுற"ன்னு என்னைப் பாத்து முகத்தைச் சுளிச்சுச்சு. திரேசம்மா நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டா. சால்வை வாங்குன அந்தத் திரேசம்மா.

சலேத்து மேல முதல்ல ஒரு சத்தம் கேட்டுச்சு, காஞ்ச ஓலை மடங்குற மாதிரி. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவுல இருந்து பொடி உதிர ஆரம்பிச்சுச்சு, வெள்ளையா, மாவா. நான் மூணு வருசமா சொன்ன அத்தனையும். சாப்பிட்டியான்னு கேட்டது, முடி கருப்பா இருக்குன்னு சொன்னது, புளிக்குழம்பு, வெயிலு, உதட்டை மட்டும் அசைச்ச அந்தப் பத்து நாளு, எல்லாம் ஒரே நேரத்துல காஞ்சு உதிர்ந்து மண்ணுல கொட்டுச்சு. தொபியாஸ் அண்ணன் பதறிப்போயி ஓடி வந்து, நிறுத்தணும்னு நினைச்சாரோ என்னவோ, அவ தோள்ல கைய வச்சாரு. அந்தத் தொடல் போதுமா இருந்துச்சு. விரிசல் தோள்ல ஆரம்பிச்சு, எங்கயும் சிக்கல, எங்கயும் திரும்பல, ஒரே ஓட்டத்துல குதிகால் வரைக்கும் போயி, நாப்பதாம் நாள் காப்பியில படிஞ்ச முதல் தகடு வரைக்கும் அத்தனையும் படபடன்னு தெறிச்சு விழுந்துச்சு.

உள்ள இருந்து வெளிறிப்போயி, அவிச்ச கிழங்கு மாதிரி சுருங்கின தோலோட, ஒட்டுத்துணி இல்லாம ஒரு பொம்பள நின்னா. யாரோ ஒரு ஆம்பள பார்த்துட்டே நின்னான், பேதியில போவான். நான் என் சேலையில ஒரு பக்கத்தைக் கிழிக்கப் போனேன், கை அப்படியே நின்னுபோச்சு. இப்ப நான் அதைக் குடுத்தா மறுபடி பசை ஊறாதா? குடுக்கல. திரும்பி நின்னுக்கிட்டேன். அவளே மரத்துல தொங்குன யாரோட துண்டையோ இழுத்துச் சுத்திக்கிட்டா.

அதுக்குள்ள ஊருக்குள்ள இருந்து சத்தம் வர ஆரம்பிச்சுச்சு. ஒரே பசைதானே. வேப்பமரத்தடியில காஞ்சது கூரையில காயாம இருக்குமா? முதல்ல கஸ்பார் மாமா வீடு, அடுத்தது கோயில் சாவடி, அப்புறம் தெக்குத்தெரு முழுக்க, ஒவ்வொரு கூரையா படார் படார்னு வெடிச்சு உள்ள விழுந்துச்சு. வரிசை கலைஞ்சு எல்லாரும் அய்யோ அய்யோன்னு ஓடுனாக. மத்தியானத்துக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு. நல்ல கனத்த மழை. சலேத்து அந்தத் துண்டோட ரோட்டுல நடந்து போனா. ஒவ்வொரு துளி விழும்போதும் அவ தோள் சிலிர்க்கிறதை நான் பின்னால நின்னு பாத்தேன். அவ திரும்பிப் பாக்கல. பஸ்ஸு வந்துச்சு, ஏறிப் போயிட்டா.

ஊருக்கு வெக்கம் வந்துச்சான்னு கேக்காதீக. மூணாம் நாளே, தார்ப்பாய்க்குக் கீழ இருந்து கஸ்பார் மாமாவும் தொபியாஸும் என் வீட்டுக்கு வந்தாக. என் ஓலைக்கூரை அங்கங்க ஒழுகுச்சு, ஆனா நின்னுச்சு. தொபியாஸ் புத்திசாலி, யோசிச்சுக் கண்டுபிடிச்சுட்டாரு.

"நீ வேணும்னேதான் செஞ்சிருக்க. அவளை விடுவிக்கத்தான் அப்படிப் பேசியிருக்க. சரிதானே?"ன்னாரு.

நான் ஒழுகுற இடத்துல பானையத் தள்ளி வச்சேன்.

"நல்லதுதானே தாயி செஞ்சிருக்க, யாரு இல்லன்னா?"ன்னாரு கஸ்பார் மாமா, கும்பிட்ட கையோட. "அவளைத் தேடிப் பிடிச்சு அதை ஒரு வார்த்தை சொல்லிரு. அவ மனசு ஆறுனா, பசை ஊறும். பாளமெல்லாம் நாங்க பொறுக்கித்தான் வச்சிருக்கோம்."

எங்கம்மா படுக்கையில இருந்தே பக்கத்துல கிடந்த எச்சில் துப்புற படிக்கத்தை எடுத்து எறிஞ்சுச்சு. அத்தனை வருசத்துல அந்தக் கைக்கு அவ்வளவு வலு இருக்கும்னு எனக்குத் தெரியாது.

அடுத்த தை மாசம் பக்கத்து டவுன் பஸ் ஸ்டாண்டுல அவளைப் பாத்தேன். சாக்கை விரிச்சுப் பனங்கிழங்கு வித்துக்கிட்டு இருந்தா. வெயில்ல தோல் கறுத்து, மூக்கு நுனி உரிஞ்சு, கழுத்தெல்லாம் வேர்க்குரு. முழங்கையில எதுவோ கடிச்சிருக்கு, சுகமா கண்ணை மூடிக்கிட்டுச் சொறிஞ்சா. உக்காந்திருந்தா, முழங்காலை மடக்கி, சம்மணம் போட்டு. எனக்கு வாய் வரைக்கும் "யக்கா" வந்துருச்சு. அவ கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தா. ஒரு நிமிஷம் பாத்தா. அப்புறம் காறித் துப்புனா. என் கால் பெருவிரல்ல விழுந்துச்சு.

நான் எதுக்கு அப்படிப் பேசுனேன்னு அவளுக்கு அன்னைக்கு ஒரு சின்னச் சந்தேகம் தட்டியிருந்தாக்கூட, அந்த நிமிஷமே பசை ஊறியிருக்கும், ஓடு நின்னிருக்கும். ஓடு உடைஞ்சிருச்சு. அப்ப அவ முழுசா நம்பியிருக்கா. சொல்லிரலாமான்னு ஒரு மூச்சு நேரம் அங்கயே நின்னேன். ஒரு வார்த்தை போதும், அவ மனசு ஆறும், பசையும் ஊறும். அவ முழங்கையில ஒரு ஈ வந்து உக்காந்துச்சு, அவ பாக்காமலே பட்டுன்னு தட்டி விட்டா.

நான் பஸ்ல ஏறி உக்காந்துட்டேன். ஊரு வந்து சேர்ற வரைக்கும் அந்த எச்சில் கால்ல காஞ்சுக்கிட்டே வந்துச்சு. துடைக்கல.